காற்று இல்லாத காலையில் சுற்றிய காற்றாடி

கலியண்ணனைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய வேனைத்தான் சொல்வார்கள். ஓரிக்கையில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு அறுத்தவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாக வண்டிச் சாவி பிடித்தவர் இவர்தான். கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வரும் கூட்டத்தை ரயிலடியில் ஏற்றிக்கொண்டு, கடை கடையாகக் காட்டி, நடுவில் வரதராஜப் பெருமாளையும் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். "பொண்ணோட அம்மா சிரிச்சா புடவை எடுத்தாச்சுன்னு அர்த்தம். அப்பா தலையில கை வெச்சா பில்லு போட்டாச்சுன்னு அர்த்தம்" என்பார். இருபத்திரண்டு வருடம் அப்படி ஓட்டினார்.

பிறகு சர்க்கரை வந்து கண்ணில் இறங்கியது. ஒருநாள் சின்ன காஞ்சிபுரம் திருப்பத்தில் நடு ரோட்டில் நின்ற மாட்டைத் தள்ளுவண்டி என்று நினைத்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம். இறங்கிப் பக்கத்தில் போனபிறகுதான் மாடு என்று தெரிந்திருக்கிறது. அன்றைக்கே சாவியைக் கொண்டுவந்து எல்லம்மா அண்ணி கையில் கொடுத்துவிட்டார். அதையும் எங்களிடம் சிரிப்பாகத்தான் சொன்னார். "மாடு கோச்சுக்கல. எனக்குத்தான் வெக்கமாப் பூடுச்சு."

நான் பக்கத்து வீடு. பெயர் மஹாலட்சுமி. என் வீட்டுக்காரர் சிட்டிபாபு தறி நெய்கிறார். நான் எட்டாவதோடு நின்று நூல் சுற்ற வந்தவள். இப்போதும் தறிக்குக் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுவதும் பாவு நீட்டுவதும் என் வேலை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கேட்டால் பதில் சொல்வேன், அதுவும் கேட்ட அளவுக்கு. ஆனால் கண் சும்மா இருக்காது. எதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் இதை எழுதுவது கலியண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் என்றாலும், அவருக்கு நான் செய்ததைச் சொல்லாமல் அவரைப் பற்றி மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வண்டியை விட்டபிறகு ஆறேழு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லம்மா அண்ணி கல்யாண மண்டபத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போகிறவர். அந்த ஒரு சம்பளத்தில் வீடு ஓடியது. அண்ணியின் தம்பி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். கலியண்ணனுக்கு அதை நினைத்தாலே பயம். "கேட்டாண்ட நிக்கிற வேலை. எனக்கு யார் வந்தாலும் நெழல்தான் தெரியும். மொதலாளி வந்தா யாருடா நீன்னு கேப்பேன், திருடன் வந்தா சல்யூட் அடிப்பேன்" என்று எங்களைச் சிரிக்க வைத்தார். சிரித்து முடித்தபிறகு அவர் முகத்தைப் பார்த்தால் அதில் சிரிப்பு இருக்காது.

அதனால்தான் மீன் வளர்க்க ஆரம்பித்தார். கொளத்தூரிலிருந்து தாய் மீன் வாங்கிவந்து, வீட்டுப் பின்னால் மூன்று கிணற்று உறைகளை வைத்து, அடியைச் சிமெண்ட் பூசி அடைத்து, தண்ணீர் நிரப்பி, கோல்டு மீன் குஞ்சு விட்டார். கண் பாதிதான் தெரியும் என்றாலும் மீன் விஷயத்தில் அவர் கை தப்பாது. தீனி போட்டதும் மீன்கள் மேலே வந்து வாயைச் சப்பும் சத்தத்தை வைத்தே எந்த உறையில் பசி அதிகம் என்று சொல்லிவிடுவார்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. "நான் மண்டபத்துல எச்சில் எலை எடுத்துக்கினு வரேன். நீ மீனுக்குத் தாலாட்டுப் பாடிக்கினு இரு."

"அதுங்க தூங்காது எல்லம்மா. கண்ணுக்கு இமையே கெடையாது."

"உனக்கு இமை இருந்து இன்னா பண்ற?" என்றார் அண்ணி. பிறகு முடிவாகச் சொல்லிவிட்டார். ஐப்பசி வரைக்கும் பார்ப்பது. அதற்குள் இந்த மீன் விற்றுக் கையில் ஏதாவது நின்றால் சரி. இல்லையென்றால் தம்பியோடு ஒரகடம் போக வேண்டியதுதான். கலியண்ணன் ஒத்துக்கொண்டார். அந்த மூன்று உறை மீன்தான் அவருக்கும் அந்தக் கம்பெனி கேட்டுக்கும் நடுவில் நின்றது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான்.

அவ்வளவு மீன் ஒரே தண்ணீரில் இருந்தால் தண்ணீருக்குள் காற்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன பம்ப் உண்டு. கரண்ட் போனால் பம்ப் நிற்கும். இரண்டு மணி நேரம் நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்குமேல் தாங்காது. சித்திரையில் ஒரு பகல் முழுக்க மின்தடை வந்தபோது நாற்பது குஞ்சு செத்தது. அப்போதுதான் அவருக்கு பேட்டரியில் ஓடுகிற பம்ப் வேண்டும் என்று தோன்றியது. பேட்டரியை ஏற்றுவதற்கு ஒரு காற்றாடி வைக்கலாம் என்றும் தோன்றியது.

அந்த யோசனை போனில் வந்தது. யாரோ ஒருவர் வேறு பாஷையில் பேசிக்கொண்டே சின்ன மோட்டாரில் இறக்கை மாட்டிக் கரண்ட் எடுக்கிற வீடியோ. கலியண்ணன் அதைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துப் பார்ப்பார். பாதி தெரியும், பாதி தெரியாது. மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். "மோட்டாருக்குக் கரண்டு குடுத்தா சுத்துது. அதையே நாம சுத்தினா கரண்டு குடுக்கும். ரெண்டு ஒயரு, பேட்டரிக்கு ரெண்டு மொனை. அவ்ளோதான்மா விஷயம்" என்று எனக்கும் விளக்கினார்.

மோட்டார் கொடுத்தவர் ஷபி பாய். முழுப்பெயர் ஷபியுல்லா. ஓரிக்கை ரோட்டில் காயலாங்கடை வைத்திருக்கிறார். வேன் ஓட்டிய காலத்திலிருந்து கலியண்ணனுக்கு அவர்தான் சிநேகிதர். யாரோ ஒரு டாக்டர் வீட்டிலிருந்து, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஆள் ஓடுகிற டிரெட்மில் மிஷின் ஒன்று கடைக்கு வந்திருந்தது. "யாருமே ஓடல போலருக்குது கலியா. மோட்டார் புத்தம் புதுசு" என்று அதைக் கழற்றிக் கொடுத்தார். மோட்டாரைக் கையால் வேகமாக உருட்டி, அதன் ஒயரில் ஒரு சின்ன பல்பை வைத்துக் காட்டினார். பல்பு மினுக்கென்று எரிந்தது. ஒரு பைக் பேட்டரியும் அவரே கொடுத்தார். கொடுக்கும்போது, "பேசாம ஒரு சார்ஜர் வாங்கி வீட்டு கரண்டுல ஏத்திக்கோயேன். எதுக்குடா இந்த வித்தையெல்லாம்?" என்றார்.

"பாலாத்துலேருந்து காத்து சும்மா வந்துக்கினு இருக்குது பாய். அதுக்கு மீட்டரு இல்ல" என்றார் கலியண்ணன்.

பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் வெட்டி மூன்று இறக்கை செய்தார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு மோட்டாரை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர்தான் மேலே ஏறி ஸ்க்ரூ முடுக்கினார். ஆடிக் காற்று சும்மாவா இருக்கும்? ஏற்றின உடனே சர்ரென்று சுற்றியது. கீழே பல்பு எரிந்தது. தெருவே வந்து நின்று பார்த்தது. கலியண்ணன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வேன் சாவி போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். எப்படியோ வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். "காத்து நின்னா இன்னா ஆவும்ணா?"

"காத்து நின்னா நீ வந்து ஊதும்மா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் மேலேயிருந்து அதிகமாகச் சிரித்தார். கலியண்ணன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அவர் எல்லோரையும் அப்படித்தான் கிண்டல் செய்வார். ஆனால் நான் வருடத்துக்கு ஒருமுறை கேட்கிற ஆள். வீட்டுக்குள் போய் தார் சுற்ற உட்கார்ந்தேன். காது சூடாக இருந்தது. இனிமேல் இந்த மனிதரிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளை நினைப்புதான். ஆனால் அது போகவில்லை. உள்ளேயே தங்கிவிட்டது.

ஆடி போனது, ஆவணி போனது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் நாங்கள் தெருவில் பாவு நீட்டுவோம். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும் வேலை. காற்று அடித்தால் இழை ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கிவிடும். அதனால்தான் காற்று எழுவதற்கு முன்னால் விடியற்காலையில் செய்கிறோம். எங்களுக்கு மரத்தைப் பார்க்க வேண்டாம், வானத்தைப் பார்க்க வேண்டாம். பாவைப் பார்த்தாலே காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வேப்பிலை அசையாத காற்றுக்கும் பட்டு அசையும்.

கலியண்ணன் அந்த நேரத்தில் வாசற்படியில் வந்து உட்காருவார். அங்கிருந்து மாடிக் காற்றாடி அவருக்குத் தெரியாது. இறக்கை சத்தமும் அவ்வளவாகக் கேட்காது. என்னைத்தான் கேட்பார்.

"மஹாலட்சுமி, சுத்துதாம்மா?"

"சுத்துதுண்ணா."

"அப்போ பேட்டரிக்குக் காப்பி போவுது" என்பார். ஒவ்வொரு காலையும் இதே கேள்வி, இதே பதில்.

புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அன்றைக்குப் பாவு கோடு கிழித்தாற்போல நின்றது. ஒரு இழைகூட அசையவில்லை. கை தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, கண் மேலே போனது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக.

முதலில் மேலே மட்டும் காற்று இருக்குமோ என்று நினைத்தேன். மறுநாளும் பார்த்தேன். அதற்கடுத்து பாவு நீட்டிய நாளும் பார்த்தேன். சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும்போது அது சுற்றுவதே வேறு மாதிரி. திடீரென்று வேகம் எடுக்கும், தயங்கும், மறுபடி எடுக்கும். விடியற்காலையில் அப்படி இல்லை. ஒரே வேகம். அந்தச் சுற்றலை நான் தினமும் பார்க்கிறேன். என் தார் சுற்றும் மிஷினில் இருக்கும் சின்ன மோட்டார் அப்படித்தான் சுற்றும், சுவிட்ச் போட்டால்.

அப்போது எனக்குப் புரிந்தது. அது காற்றில் சுற்றவில்லை. பேட்டரியில் சுற்றுகிறது. சாயங்காலக் காற்றில் பேட்டரிக்குள் போனதையெல்லாம், காற்று நின்றபிறகு அதே மோட்டார் இரவெல்லாம் குடித்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் கரண்ட் போனால் பேட்டரியில் சரக்கு இருக்கும், பம்ப் ஓடும். அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. காலையில் போனால்?

"சுத்துதாம்மா?" என்று கேட்டார்.

"சுத்துதுண்ணா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. சுற்றத்தான் செய்தது. ஏன் மீதியைச் சொல்லவில்லை என்று இப்போது எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். எட்டாவது படித்தவள், மோட்டார் விஷயம் நமக்கு என்ன தெரியும் என்ற பயம் ஒன்று. இராத்திரி சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, நீ பெரிய இன்ஜினீரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். ஆனால் பயம் மட்டும்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனசு இல்லை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என்னை ஊதச் சொன்னார் அல்லவா, நான் கேட்டது சரியான கேள்விதான் என்று அவருக்கே ஒருநாள் தெரியட்டும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. மீன் சாகும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. இத்தனைக்கும் மீனைத் தவிர அந்தப் பேட்டரிக்கு வேறு வேலையே கிடையாது.

இருபது நாள் போனது. புரட்டாசிக் கடைசி. மீன் கைவிரல் நீளம் வளர்ந்து உறையே ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. கொளத்தூர் வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தம், ஒன்பதிலிருந்து ஐந்து வரைக்கும். அன்றைக்கே கலியண்ணனுக்குக் கண் ஆஸ்பத்திரியில் தேதி. அண்ணியும் கூடப் போக வேண்டும்.

"சுத்துதாம்மா?"

"சுத்துதுண்ணா."

"அப்போ பயமில்ல. பம்பை பேட்டரியில மாட்டிட்டுப் போறேன். ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவோம்."

அவர் தடியை எடுத்துக்கொண்டு அண்ணி தோளைப் பிடித்துத் தெரு முனைக்கு நடந்துபோவதைப் பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் அறுந்த இழை இருந்தது. முடிச்சைப் போட்டேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. என் மிஷின் நின்றது. வீடு அமைதியானதும் சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் சத்தமும் தண்ணீர் குமிழி சத்தமும் தெளிவாகக் கேட்டது. நான் எழுந்து வேறு வேலை பார்க்கவில்லை. உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிகூட ஆகவில்லை. பம்ப் சத்தம் இழுத்தது, மெலிந்தது, நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் முதலாளி வீட்டுக்கு ஜரிகை வாங்கப் போயிருந்தார். கலியண்ணன் வீடு பூட்டியிருந்தது. அவர் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அணைத்து வைத்திருப்பார். கொஞ்ச நேரம் வாசலுக்கும் சுவருக்கும் நடந்தேன். யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் என்னவென்று சொல்வது? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? அந்த யோசனையில் அரை மணி நேரத்துக்குமேல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் துணி துவைக்கிற கல்லில் ஏறிச் சுவரைத் தாண்டினேன். முட்டி சிராய்த்தது.

மீன் வளர்ந்து பெரிதானதால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மூன்று உறையிலும் எல்லாம் மேலே வந்திருந்தது. அத்தனை வாயும் வானத்தைப் பார்த்து திறந்து திறந்து மூடியது. ஒரு வாளியை எடுத்து, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதே உறையில் ஊற்றினேன். ஊற்றினால் காற்று கலக்கும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் மாறி மாறி ஊற்றிப் பார்த்தேன். ஒன்றில் ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் இதில் இரண்டு மல்லாந்துவிடும். கடைசியில் ஓர் உறையில் மட்டும் நின்று ஊற்றினேன். மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை மணி நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போனது. இரண்டரை மணிக்குக் கலியண்ணனும் அண்ணியும் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

கலியண்ணன் நேராக உறைப் பக்கம் போனார். முதல் உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு இரண்டாவது. மிதக்கிற மீன் ஒவ்வொன்றாக அவர் விரலில் பட்டுப் பட்டு நகர்ந்தது. மூன்றாவது உறையில் கையை விட்டதும் உயிருள்ள மீன் சடாரென்று விலகியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ எப்படிம்மா உள்ள வந்த?"

"செவுரு ஏறிண்ணா."

"ஏ எல்லம்மா, பாத்தியா? இந்தப் பொண்ணு வாயே தொறக்காது. ஆனா செவுரு ஏறிக் குதிச்சு என் மீனைக் காப்பாத்தியிருக்குது பாரு!"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் முட்டிக்கு மஞ்சள் வைத்துவிட்டார். நான் கையை இழுத்துக்கொள்ள முடியாமல் நின்றேன். அன்றிலிருந்து தெருவில் எனக்கு நல்ல பெயர். கடைக்குப் போனால்கூடச் சொல்கிறார்கள். ஒரு மனிதருடைய பாதி வாழ்க்கையை வாயை மூடிக்கொண்டு கெடுத்தவளுக்கு இவ்வளவு நல்ல பெயர் எந்த ஊரில் கிடைக்கும்?

பழி எங்கே போனது என்றால், ஷபி பாய் மேல் போனது. மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு அவர் டிவிஎஸ்ஸில் வந்தார். கலியண்ணன் தெருவிலேயே பிடித்துக்கொண்டார்.

"செத்த பேட்டரியை என் தலையில கட்டிட்டியே பாய். ஒரு மணி நேரம் தாங்கல. நீ இத்தினி வருஷமா எனக்கு சிநேகிதனா, இல்ல நானும் உன் கடைக்கு வந்த காயலான் சாமானா?"

"கலியா, அது நல்ல பேட்டரிடா. நானே..."

"நீ பேசாத. நாளன்னிக்கு வியாபாரி வராரு. ரெண்டு உறை செத்துக் கெடக்குது. இந்த மிச்சத்தைக் காட்டி எல்லம்மாகிட்ட நான் இன்னா சொல்லுவேன்? உன்னால ஒரகடம் போறேன். சந்தோஷமா இரு."

ஷபி பாய் வாயைத் திறந்தார், மூடினார். பேட்டரியைத் தூக்கி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். பத்தடி தூரம்தான்.

வியாபாரி வந்து, மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுக்காக வண்டி கொண்டுவர முடியாது, அடுத்து வளர்கிற குஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். ஐப்பசி முதல் திங்கள்கிழமை வேலைக்குப் போவது என்று முடிவாயிற்று. அண்ணி காக்கி சட்டைக்கு அளவு கொடுத்தார்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை, மாவு அரைக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஷபி பாய் கடைக்குப் போனேன். கடையில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அந்த பேட்டரி.

"மூணு நாளா எரியுதும்மா. ஒரு தடவைதான் சார்ஜ் பண்ணேன்" என்றார். "நல்ல பேட்டரின்னு எனக்குத் தெரியும். போய் நான் சொன்னா, என்னைக் காப்பாத்திக்க சொல்றேன்னுவான். வுடு. அவன் வயித்தெரிச்சல்ல பேசினான்."

நான் கையில் இருந்த மாவுத் தூக்கைக் கீழே வைத்தேன். பாவு அசையாததைச் சொன்னேன். காற்றாடி சுற்றியதைச் சொன்னேன். இருபது நாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவில்லை. எழுந்து, மூலையில் கிடந்த வேறொரு மோட்டாரை எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் பேட்டரி முனையில் வைத்தார். மோட்டார் சுற்றியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"நடுவுல டயோடுன்னு ஒண்ணு போடணும். கருப்பா, மொளகு மாதிரி இருக்கும். கரண்டை உள்ள வுடும், திரும்பி வெளிய வுடாது. வீடியோவுல அதைக் காட்டியிருப்பான், வாயால சொல்லியிருக்க மாட்டான். இவனுக்குக் கண்ணு எங்க தெரியுது? எனக்கும் தோணல பாரு." பிறகு என்னைப் பார்த்தார். "இதை எங்கிட்ட சொல்லி இன்னாம்மா பிரயோஜனம்? அவங்கிட்ட சொல்லு."

"நீங்களும் வாங்க பாய்."

"நான் வந்தா எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். நீ போ."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகவில்லை. திங்கள்கிழமை காலை அவர் காக்கி சட்டை போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் போனேன். அண்ணி சோற்று டப்பாவோடு நின்றார். நான் நின்ற இடத்திலிருந்தே, தலையைத் தூக்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷபி பாயிடம் சொன்னபோது இருந்த ஒழுங்கு இல்லை. மாற்றி மாற்றிச் சொன்னேன். பேட்டரி நல்ல பேட்டரி என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

கலியண்ணன் ஏதாவது கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"எத்தினி நாளா பாத்த?" என்றார்.

"இருபது நாளு இருக்கும்ணா."

"இருபது நாளும் நான் கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்கண்ணா."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அண்ணிதான் பேசினார். சத்தம் போடவில்லை. "உன் முட்டிக்கு நான் மஞ்சள் வெச்சேனே மஹாலட்சுமி. அன்னிக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? பாயை அந்த மனுஷன் தெருவுல நிக்க வெச்சுப் பேசாம இருந்திருப்பாரே."

 

கலியண்ணன் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. தடியைத் தட்டிக்கொண்டு நேராகக் காயலாங்கடைக்குப் போனார். நான் தள்ளி நின்று பார்த்தேன். கடை வாசலில் போய் நின்றார். ஷபி பாய் வெளியே வந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார் பாய். டீ வந்தது. முதல் பஸ் போனது. இரண்டாவது பஸ்ஸுக்கு பாயே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. கேட்டில் அவருக்கு வேலை எப்படி என்று தெரியாது. மாதம் நாலு நாள் லீவு. மூன்றாவது உறை மீன் இன்னும் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத பகலில் அதற்குத் தீனி போட ஆள் வேண்டும். ஒருநாள் அண்ணி பின்கதவுச் சாவியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். அதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஷபி பாய் வந்து காற்றாடியில் அந்த மிளகைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சார்ஜரும் வைத்துவிட்டுப் போனார்.

லீவு நாளில் கலியண்ணன் உறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியும். கூப்பிட மாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை என்னால் இருக்க முடியவில்லை.

"அண்ணா, ரெண்டு மீனுக்கு வாலுல வெள்ளைப் புள்ளி வந்திருக்குது. முந்தாநேத்துப் பாத்தேன். நேத்து மூணா ஆச்சு."

தண்ணீரிலிருந்து கையை எடுத்து உதறுவது கேட்டது.

"கல்லுப்பு போடு. ரெண்டு கைப்பிடி" என்றார்.

உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தேன்.